கெட்ட செய்தியோடு வருபவரை எப்படி எதிர்கொள்கிறோம்?

(காவாந்தண்டலத்தில் நம் அறக்கட்டளை நடத்திய, வேலைக்குச் செல்வோருக்கான ஞாயிறு கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)

 

  இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராக இங்கே வந்தவர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்குங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். இன்றைய தலைப்பே அதுதான்.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் நிலம், தறி, செங்கல் சூளை, இல்லாவிட்டால் காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு கடை. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே ரோட்டில் வந்து நிற்கிறது. முதலில் டிரெய்னியாகப் போனார்கள், பிறகு ஆபரேட்டர் ஆனார்கள். இப்போது, அல்ஹம்துலில்லாஹ், நம் பிள்ளைகளில் பலர் லைன் லீடர், சூப்பர்வைசர். சிலர் பத்துப் பேரை வைத்துக் கான்ட்ராக்ட் எடுக்கிறார்கள். ஐடிஐ படிப்புக்கு அறக்கட்டளையில் உதவி பெற்றுப் போனவர், இன்று நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறார் என்று கேட்கும்போது எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒரு தம்பி சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்தார். பண உதவிக்கு வரவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “பாய், ஆபரேட்டரா இருந்தவரைக்கும் எனக்குக் கோபமே வராது. லீடர் ஆனதிலிருந்து தினமும் கத்துறேன். இப்ப வீட்டிலயும் கத்துறேன். பிள்ளை என்னைப் பார்த்தா உள்ளே ஓடுது.”

அவருக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. பொறுமையாக இருங்கள் தம்பி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த அறிவுரையைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்று யோசனை வந்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறோம். அறக்கட்டளை மேடையில் பேசும்போது ‘நான்’ என்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை, எல்லாமே ‘நாங்கள்’தான். ஆனால் இப்போது சொல்லப்போகும் விஷயத்தில் மற்ற நிர்வாகிகளுக்குப் பங்கு இல்லை. கத்தியது இந்த ஒரு வாய்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதம். கல்வி உதவி விண்ணப்பங்கள் குவிகிற நேரம். எங்கள் அலுவலக உதவியாளருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பட்டியலை டைப் செய்யும்போது இரண்டு பேருடைய பெயருக்கு எதிரே தொகையை மாற்றிப் போட்டுவிட்டார். வெளியே பெஞ்சில் ஏழெட்டுத் தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி, கண்ணில் படும்படி, அந்தப் பிள்ளையை நாங்கள் நிற்க வைத்துத் திட்டினோம். ஐந்து நிமிடம் இருக்கும். தவறு அவருடையதுதான், திருத்தவும் பட்டது. அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். நோன்பு நாளும் இல்லை, பசி என்றும் சொல்ல முடியாது.

மூன்று வாரம் கழித்து அதே உதவியாளர் ஒரு மாணவியின் விண்ணப்பத்தில் வருமானச் சான்றிதழ் இல்லாததைக் கவனித்திருக்கிறார். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் தையல் வேலை செய்கிறவர். விண்ணப்பம் வந்த அன்றே பார்த்து வாங்கியிருக்க வேண்டிய சான்றிதழ் அது. வாங்காமல் விட்டது தன் தவறு என்று அவருக்குத் தெரியும். சொன்னால் மறுபடியும் பெஞ்சுக்கு முன்னால் நிற்கவேண்டி வரும். மூடு பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருக்கிறார். ஒரு நாள் ஆடிட்டர் வந்திருந்தார். ஒரு நாள் எங்கள் முகம் சரியில்லையாம். இப்படியே பதினொரு நாள். கடைசியில் அந்தத் தாயே வந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் கல்லூரியில் பணம் கட்டும் கடைசித் தேதி போய்விட்டது. நாங்கள் நேரில் போய்க் கேட்டும் பலனில்லை, இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. அந்தப் பெண் ஒரு வருடம் வீட்டில் இருந்தாள்.

அந்தத் தாய் எங்களைத் திட்டவில்லை. “நசீபு” என்று மட்டும் சொன்னார். அது நசீபு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தால் அரை நாளில் வி.ஏ.ஓ. அலுவலகம் போய் முடித்திருக்கக்கூடிய வேலை. அந்தப் பிள்ளை ஏன் சொல்லவில்லை என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம். சொல்வதற்கான வழியை மூன்று வாரத்துக்கு முன்பே நாங்கள் அடைத்துவிட்டிருந்தோம்.

கோபம் கெட்டது, பாவம் என்பதை ஜும்ஆ பயானில் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் இன்று பேச வந்தது அதன் வேலைக்கணக்கை. பொறுப்பில் இருப்பவரின் கோபத்தால் கீழே இருப்பவர் மனம் நோகிறது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவரிடம் யாரும் உண்மையை நேரத்தில் சொல்வதில்லை. எல்லாம் சரியாக நடக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் கஸ்டமர் சொல்லித்தான் அவருக்குத் தெரியவரும்.

சரி, கோபம் எங்கிருந்து வருகிறது? அந்தத் தம்பியிடம் கேட்டோம். காலையில் மேனேஜர் மீட்டிங். நேற்றைய டார்கெட்டில் இவ்வளவு குறைவு, ரிஜெக்‌ஷன் இவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் வாங்குகிறார். மேனேஜருக்கு அதை அவருடைய மேலதிகாரி முதல் நாள் இரவு போனில் கொடுத்திருப்பார். மீட்டிங் அறையிலிருந்து லைனுக்கு வர மூன்று நிமிடம் நடை. அந்த மூன்று நிமிடம் போதாது. வாங்கியதை அப்படியே கொண்டுவந்து லைனில் இறக்குகிறார். ஆபரேட்டர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மாடிப்படி மாதிரிதான். கோபம் மேலிருந்து கீழே இறங்கி வருகிற அதே படியில்தான் செய்தி கீழிருந்து மேலே ஏறியாக வேண்டும். ஒன்று முழு வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தால் மற்றது எப்படி ஏறும்?

அப்படியானால் நடுவில் நிற்கிறவர் என்ன செய்ய வேண்டும்? தம் படியில் அதை நிறுத்த வேண்டும். சொல்வது சுலபம். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்களா என்றால், நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரிலிருந்தே தொடங்கலாம்.

ராமேஸ்வரத்து ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் அப்துல் கலாம். எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநர் அவர். 23 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். நம் நாடு சொந்தமாகச் செயற்கைக்கோள் ஏவப் போட்ட முதல் முயற்சி. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. ஏவுவதற்குச் சற்று முன் ஒரு கசிவு தெரிந்தது. கூட இருந்த வல்லுநர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாதகமில்லை, ஏவலாம் என்றார்கள். கலாம் ஏவச் சொன்னார். முதல் கட்டம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. சில நிமிடங்களில் எல்லாம் வங்கக்கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு, மக்கள் பணம், வெளியே பத்திரிகைக்காரர்கள் கூட்டம்.

இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன். அவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள். டெல்லிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நம் மேனேஜர் மீட்டிங்கைவிடப் பெரிய மீட்டிங் அவருக்குக் காத்திருக்கிறது. அவர் கலாமை ஒதுக்கிவிட்டுத் தாமே பத்திரிகையாளர் முன் போய் உட்கார்ந்தார். தோல்வி என்பதை மறைக்கவில்லை. பொறுப்பைத் தம் தலையில் போட்டுக்கொண்டு, தம் ஆட்கள் மீது நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை வெற்றி பெறுவோம் என்ற பொருளில் பேசினார். ஒரு வருடம் கழித்து, 1980 ஜூலை 18 அன்று, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார். இதைக் கலாம் அவர்களே மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதே நாளில் நடந்த இன்னொரு சிறிய விஷயம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. கலாம் அதைத் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். ராக்கெட் விழுந்த பிறகு, உடலும் மனமும் ஓய்ந்துபோய், தம் அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். மாலை நெருங்கும் நேரம், யாரோ தோளைத் தொட எழுந்து பார்த்தால், கட்டிலருகே டாக்டர் பிரம்ம பிரகாஷ் உட்கார்ந்திருக்கிறார். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர், கலாமுக்கு நேர் மேலதிகாரி, வயதிலும் மூத்தவர். அவர் கேட்டது, சாப்பிடப் போகலாமா என்று. அதற்கு முன்பே இரண்டு தடவை வந்து, தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். அதுவரை அவரும் சாப்பிடவில்லை. சாப்பிடும்போது ராக்கெட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அந்தப் பெரியவருக்கும் அன்று மனம் உடைந்துதான் இருந்திருக்கும். அவருடைய மையத்தின் ராக்கெட்தானே அது. ஆனால் தம் மனக்கஷ்டத்தை முதலில் இறக்கிவைக்கிற இடமாகத் தமக்குக் கீழே இருப்பவரை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

இதனால் வேலைக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது. பிறகு எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி என்ன கோளாறு என்று ஆராய்ந்தார்கள். வால்வில் ஏற்பட்ட பழுது, அமிலக் கசிவு என்று தொழில்நுட்பக் காரணங்கள் வரிசையாக வந்தன. அப்போது கலாம் எழுந்து, கசிவு தெரிந்தும் ஏவியதற்குத் தாமே பொறுப்பு என்று சொன்னார். கூட இருந்தவர்கள் அவரைக் காப்பாற்றக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்னார். திட்டி நொறுக்கப்பட்ட மனிதர் அப்படி எழுந்து நிற்பாரா? இன்னொருவர் பக்கம் கைகாட்டத்தான் பார்ப்பார். உண்மைக் காரணம் வெளியே வந்ததால்தான் அடுத்த ராக்கெட் மேலே போயிற்று என்று நாங்கள் நம்புகிறோம்.

தோல்விக்குப் பிறகு தலைவர் என்ன பேசுகிறார் என்று வரும்போது, மதரஸாவில் படித்த காலத்தில் உஹது வரலாற்றை எங்கள் உஸ்தாத் விளக்கிய விதம் ஞாபகம் வருகிறது. ஹிஜ்ரி 3, கி.பி. 625. எதிரிகளை மதீனாவுக்குள் இருந்தே சந்திக்கலாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பம். பத்ரில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் வெளியே போய்ச் சந்திக்க வேண்டும் என்றார்கள். ஆலோசனையில் அதுவே ஓங்கியது. நாயகம் (ஸல்) ஏற்றுக்கொண்டார்கள். குன்றின் மேல் ஐம்பது வில்லாளிகளை நிறுத்தி, என்ன ஆனாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்றார்கள். வெற்றி வந்துவிட்டது என்று நினைத்துப் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். எழுபது பேர் ஷஹீதானார்கள். நாயகத்தின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களும் அதில் ஒருவர். நாயகமும் காயமடைந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வந்த இறைக்கட்டளை என்ன? ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனத்தில் இருக்கிறது. அவர்களிடம் மென்மையாக இருந்ததைச் சுட்டிக்காட்டி, கடுமையாக இருந்திருந்தால் அவர்கள் உம்மை விட்டுச் சிதறியிருப்பார்கள் என்ற கருத்தைச் சொல்லி, மன்னிக்கும்படியும் காரியங்களில் அவர்களிடம் தொடர்ந்து ஆலோசிக்கும்படியும் வருகிறது. உஸ்தாத் இந்த இடத்தில் நிறுத்துவார். யாருடைய யோசனையால் வெளியே போய் இவ்வளவு இழப்பு வந்ததோ, அவர்களிடமே மறுபடியும் ஆலோசனை கேட்கச் சொல்கிறான் இறைவன் என்பார்.

நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “நான் அப்பவே சொன்னேனே!” பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பிடித்த வசனம் கிடையாது. வீட்டிலும் இதுதான், கமிட்டியிலும் இதுதான். ஜமாஅத் கூட்டங்களில் இதை நாங்கள் கேட்ட அளவுக்கு வேறு எங்கும் கேட்டதில்லை. (சிரிப்பு) சொல்லும்போது நெஞ்சு குளிரும். ஆனால் கேட்டவர் அடுத்த முறை யோசனை சொல்ல மாட்டார்.

பழைய வரலாறு போதும், தொழிற்சாலைக்கு வருவோம். உங்களில் கார் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு ஆண்டன் விளக்கு தெரியும். கோளாறு கண்டவர், கடைநிலை ஆபரேட்டராக இருந்தாலும், கயிற்றை இழுக்கலாம், அல்லது பொத்தானை அமுக்கலாம். விளக்கு எரியும், லீடர் வருவார், தேவைப்பட்டால் லைனே நிற்கும். டொயோட்டா கம்பெனியின் முறை இது. இதன் வேர் ஒரு தறியில் இருக்கிறது என்பது தறிக்காரர்கள் நிறைந்த நம் ஜில்லாவுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும். அந்தக் குடும்பத்து சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைச் செய்தவர். 1924இல் வந்த அவருடைய தானியங்கித் தறி உலகப் பெயர் பெற்றது. ஒரு இழை அறுந்ததும் நிற்காமல் ஓடினால் முழம் முழமாகக் கெட்ட துணி வரும். அதே யோசனைதான் கார் லைனுக்குப் போனது.

தறிக்குப் பயம் கிடையாது. நூல் அறுந்தால் நின்றுவிடும். மனிதர் அப்படி இல்லை. கயிற்றை இழுக்குமுன் லீடர் முகத்தை நினைத்துப் பார்ப்பார். போன தடவை லைன் நின்றபோது அந்த லீடர் ஓடி வந்து “எவன்டா இழுத்தது?” என்று கேட்டிருந்தால், இந்தத் தடவை கை கயிற்றுக்குப் போகாது. கோடி ரூபாய் செலவில் போட்ட விளக்கு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்கிற பேராசிரியை மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். 1996இல் அது வெளிவந்தது. நல்ல தலைமை இருக்கிற வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கெடுத்தால் அங்கேதான் தவறு அதிகம்! பிறகுதான் புரிந்தது. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தலைமை நர்ஸுக்குப் பயந்து சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஆகவே தம்பிமார்களே, உங்கள் லைனில் ஒரு மாதமாக எந்தக் குறையும் வரவில்லை என்றால் சந்தோஷப்படுமுன் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சொல்ல வழியில்லாத இடத்தில் செய்தி நின்றுவிடாது, வேறு பாதை தேடிக்கொள்ளும். 2021 டிசம்பரில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பஸ்கள் நின்று, இங்கிருந்து போனவர்களும் சிக்கிக்கொண்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் மறுபடியும் ஓடியது. தங்குமிடங்களும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அங்கே இருந்த சூப்பர்வைசர்கள் கோபக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த வழக்கு வேண்டாம். ஆனால், இவர் சொன்னால் உண்மையாக இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பக்கூடிய ஒரு முகம் அந்த இரவில் அங்கே இருந்திருந்தால், வதந்திக்கு அவ்வளவு பலம் வந்திருக்குமா? அந்த மாதிரி நம்பிக்கையை அன்று இரவு போய்ச் சம்பாதிக்க முடியாது.

இங்கே ஒரு தம்பி கை தூக்குகிறார். அவர் கேட்க நினைப்பது தெரிகிறது. கோபப்படாமல் இருந்தால் ஏறி மிதித்துவிடுவார்களே, வேலை நடக்காதே. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பக்கத்து ஊர்ச் சுவரிலேயே இருக்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ப் பொறுப்புகளுக்கு ஆள் எடுக்கிற விதிகள். யாரெல்லாம் கூடாது என்ற பட்டியலும் இருக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. பிறர் பொருளை அபகரித்தவர் கூடாது. அதே பட்டியலில் ‘சாகசம்’ உள்ளவரும் கூடாது என்று வருகிறது. முன்பின் யோசிக்காமல் துணிந்து பாய்கிறவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே, திருடுகிறவரையும் நிதானம் இல்லாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சபை வேதம் படித்தவர்களுக்கான சபை. நாமெல்லாம் மனுப் போட்டிருந்தால் முதல் சுற்றிலேயே ஓலையைக் கிழித்திருப்பார்கள். அது வேறு விஷயம். (சிரிப்பு)

நாம் கவனிக்க வேண்டியது, கண்டிப்பு அங்கே யாருடைய வாயிலும் இல்லை, சுவரில் இருந்தது. கணக்குக் காட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். யாரும் கத்தவேண்டியதில்லை. உங்கள் லைனிலும் அப்படிச் செய்யலாம். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வந்தால் இது. சொல்லாமல் லீவு போட்டால் இது. கோளாறைத் தானே வந்து சொன்னால் இது, மறைத்துக் கண்டுபிடிக்கப்பட்டால் இது. கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும். பிறகு உங்கள் மூடு எப்படி இருந்தாலும் அதையே செய்யுங்கள். மறைத்தவரைக் கண்டியுங்கள், தேவையானால் எழுத்தில் கொடுங்கள். சாந்தமான குரலில் கொடுத்த மெமோவும் மெமோதான்.

கோபத்தில் இருக்கும்போது நீதிபதி தீர்ப்பு வழங்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். தவறிழைத்தவர் யார் என்று முடிவு செய்கிற ஒவ்வொரு சூப்பர்வைசரும் அந்த நேரத்துக்கு நீதிபதிதான். முடிவைக் காலையில் எடுக்கலாம். நின்றுகொண்டிருப்பவர் கோபம் வந்தால் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்றும் ஹதீஸ் இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் படுக்க முடியாது, ஆம்புலன்ஸை வரவழைத்துவிடுவார்கள். ஆனால் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். மீட்டிங் அறையிலிருந்து லைனுக்கு நேராக வராமல் கழுவுமிடம் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். அந்தத் தம்பியிடம் நாங்கள் கடைசியில் சொன்னது இதைத்தான். மூன்று நிமிட நடையைப் பத்து நிமிடமாக்கிக்கொள்ளுங்கள் என்றோம். இரண்டு வாரம் கழித்து வந்தார். கத்துவது நிற்கவில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது என்றார். உண்மையைச் சொன்னாரே என்று எங்களுக்குத் திருப்தி.

கெட்ட செய்தியோடு ஒருவர் வந்தால் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை முக்கியம். “ஏன் இப்படிப் பண்ணினே?” என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். “சொன்னது நல்லதாப் போச்சு, இப்ப என்ன நிலைமை?” என்று கேட்டால் வேலையைக் காப்பாற்றப் பார்ப்பார். ‘ஏன்’ என்பதைப் பிறகு, தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாம். பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஏன் இதைச் செய்தாய் என்று நாயகம் (ஸல்) தம்மை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த உயரம் நமக்கு எட்டாது. முதல் ஐந்து நிமிடத்துக்காவது கேட்காமல் இருக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஷிப்ட் குரூப்பில் ஒருவர் பெயரைப் போட்டுத் திட்டுவது, பெஞ்சில் இருக்கும் தாய்மார்கள் முன்னால் திட்டுவதைவிட மோசம். அது அழியாது; வேண்டாதவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார். பாராட்டை குரூப்பில் போடுங்கள், குறையை நேரில் சொல்லுங்கள். அப்புறம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். தமிழ் தெரியாதவருக்குச் சத்தமாகச் சொன்னால் தமிழ் புரிந்துவிடாது. வளைகுடாவில் அரபி தெரியாமல் நம் பெற்றோர் வாங்கிய ஏச்சு நமக்கு மறந்துபோகக் கூடாது.

கத்தாதவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் கத்துவதைவிட அதிகம் நடப்பது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. மூன்று நாள் பேசமாட்டார். என்ன குற்றம் என்றும் சொல்லமாட்டார். கத்துகிறவரிடமாவது என்ன தவறு என்று தெரிந்துவிடும். இவரிடம் அதுவும் தெரியாது. மொத்த லைனும் அவர் புருவத்தைப் பார்த்தே வேலை செய்யும். இதை நாங்கள் பொறுமை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

லீடராக இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு வேறு கஷ்டம். ஆண் குரல் உயர்த்தினால் கண்டிப்பானவர். பெண் உயர்த்தினால் ராங்கிக்காரி. கண் கலங்கினால், இதுக்குத்தான் பொம்பளைங்களுக்குப் பொறுப்பு தரக் கூடாது என்பார்கள். இப்படிப் பேசுவது பெரும்பாலும் அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்ற ஆண்கள்தான். அதனால் இந்தப் புத்திமதியை அந்தப் பெண்களுக்குச் சொல்வதாக இல்லை; முன்வரிசையில் இருக்கும் ஆண்களுக்குச் சொல்கிறோம்.

எங்கள் உதவியாளரின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டோம். அந்தப் பெண் மறு வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். கட்டணத்தை அறக்கட்டளை முழுவதுமாக ஏற்றது. போன வருடம் திரும்பி வரவில்லை என்பதும் அந்தத் தாய்க்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தபோது எங்கள் மனம் தனி அறையைத்தான் தேடியது. திட்டியது பெஞ்சுக்கு முன்னால், மன்னிப்பு மட்டும் அறைக்குள்ளேயா என்று யோசித்து, விண்ணப்பத்துக்கு ஆட்கள் காத்திருந்த ஒரு காலை நேரத்தில் வெளியே வந்து கேட்டோம். அவர் பதறிப்போய், “விடுங்க ஹஜ்ரத், விடுங்க” என்றார். அதற்குப் பிறகும் வெகுநாள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

இன்று இந்தக் கூட்டத்துக்குப் பந்தல்காரரிடம் நூற்றைம்பது நாற்காலி சொல்லியிருந்தோம். வந்தது தொண்ணூறு. மீதியை வேறு விசேஷத்துக்கு அனுப்பிவிட்டாராம். காலை ஏழு மணிக்கு, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, உதவியாளர் வந்து சொன்னார்: “நாற்காலி குறையுது. நான்தான் நேத்து போன் பண்ணி உறுதிப்படுத்தாம விட்டுட்டேன். அலுவலகத்தில பாய் இருக்கு, எடுத்துட்டு வரவா?” அந்தப் பாய்களில்தான் நீங்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.